சில இரவுகளில் மட்டும் மெதுவான சோதனைக் கணினிகள்: கல்லடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடியில், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இயங்கும் சிறிய மென்பொருள் அலுவலகம் இது. கடைகளுக்கான கணக்கு, இருப்பு மென்பொருள்தான் அவர்களுடைய தொழில். பகலில் எழுதிய நிரலை இரவு 8 மணிக்கு 8 கணினிகள் தாமாகவே சோதிக்கத் தொடங்கும். மொத்தம் 1,140 சோதனைகள். மூன்றில் இரண்டு பங்கு, குரோம் உலாவியைத் திரையில்லாமல் திறந்து ஒரு காசாளர் செய்வதையெல்லாம் செய்து பார்ப்பவை. மிச்சம் உலாவியோ வலையமைப்போ தேவைப்படாத வெறும் கணக்குச் சோதனைகள். சோதனைகள் 30 கொண்ட கட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, எந்தக் கணினி ஓய்வாக இருக்கிறதோ அதற்கு அடுத்த கட்டுப் போகும். எல்லாம் முடிய 42 நிமிடம் எடுக்கும்.

1 முதல் 4 வரையான கணினிகள் மினி பிசி: 35 வாட் ரக 6 கோர் புரொசசர், அடிப்படை வேகம் 2.3 ஜிகாஹேர்ட்ஸ், டர்போ எனப்படும் தற்காலிக உயர்வேகத்தில் 3.8 வரை, வெளியே தனி அடாப்டர். 5 முதல் 8 வரை பெரிய டவர் பெட்டிகள். எல்லாவற்றிலும் உபுண்டு லினக்ஸ். எதற்கும் மொனிட்டர் இல்லை. மேற்குச் சுவரை ஒட்டிய 10க்கு 12 அடி அறையில், 12,000 பிடியூ ஏசி ஒன்றுடன் இவை இருந்தன. மினி பிசி நான்கும் இடம் மிச்சம் பிடிக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

முறைப்பாடும் முதல் மூன்று வாரமும்

மே மாதக் கடைசியில் சில இரவுகளில் 42 நிமிட வேலை 58 முதல் 95 நிமிடம் வரை இழுபட்டது. "பக்கம் குறித்த நேரத்துக்குள் திறக்கவில்லை" என்று சோதனைகள் தோற்றன. காலையில் அதே சோதனையை ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. நேற்றுத் தோற்றது இன்று தோற்பதில்லை, இன்று தோற்றது நாளைக்குத் தோற்பதில்லை.

முதலில் எடுத்த முடிவு, பின்னால் பார்க்கும்போது, எல்லாவற்றிலும் பெரிய பிழை. காத்திருப்பு நேரத்தை 10 விநாடியிலிருந்து 30 விநாடியாகக் கூட்டி, தோற்ற சோதனையை இன்னும் இரண்டு தடவை ஓட்டும்படி அமைத்தார்கள். எல்லாம் தேறியதாகக் காட்டி அறிக்கை பச்சையாகிவிட்டது. இரவு வேலை மட்டும் இன்னும் நீண்டது.

அடுத்துச் சந்தேகம் வலையமைப்பின் மேல் விழுந்தது. வயர்களும் சுவிட்சும் மாற்றப்பட்டன. பயன் இல்லை. உண்மையில் இந்தச் சந்தேகத்தை ஐந்து நிமிடத்தில் தீர்த்திருக்கலாம்: வலையமைப்பைத் தொடாத கணக்குச் சோதனைகளும் அதே இரவுகளில் மெதுவாகியிருந்தன. 6 விநாடிச் சோதனை ஒன்று 13 விநாடி எடுத்திருந்தது. அந்த எண் அறிக்கையில் இருந்தது, ஆனால் தோற்ற சோதனைகளை மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரச்சினை வரவில்லை என்பதை ஒருவர் கவனித்தார். "ஞாயிறு யாரும் நிரல் எழுதுவதில்லை, ஆகவே சேவையகத்தில் சுமை குறைவு" என்று அதற்கு விளக்கமும் கிடைத்தது. கேட்க நன்றாக இருந்த விளக்கம். ஜூனில் பொசன் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று இரண்டு பேர் வீட்டிலிருந்து நிறையவே நிரல் அனுப்பினார்கள். அன்று இரவும் 42 நிமிடத்தில் முடிந்தது. விளக்கம் அத்துடன் உடைந்தது.

அளவிடத் தொடங்கியது

இந்த இடத்தில்தான் ஊகங்களை நிறுத்திவிட்டு 21 இரவுகளுக்குப் பதிவெடுப்பது என்று முடிவாயிற்று. அதுவரை எதையும் திருத்துவதில்லை, எந்தக் கணினியையும் மறுதொடக்கம் செய்வதில்லை என்ற நிபந்தனையுடன். பதிவான விடயங்கள் இவை.

ஒவ்வொரு சோதனையின் அருகிலும் அது ஓடிய கணினியின் இலக்கமும் தொடங்கிய நேரமும். இது முன்பு இல்லாததால்தான் எல்லாம் தற்செயல் போலத் தெரிந்தது. ஒவ்வொரு கணினியிலும் 10 விநாடிக்கு ஒரு தடவை, டர்போஸ்டாட் கருவியால் புரொசசரின் உண்மையான வேகம், வெப்பநிலை, வாட் அளவு. வேலைச்சுமை 100 சதவீதம் என்ற எண் இங்கே உதவாது: 2.9 ஜிகாஹேர்ட்ஸில் முழுமூச்சாக ஓடினாலும் 100தான், 0.8இல் தவழ்ந்தாலும் 100தான். இவற்றோடு, வெப்பத்தால் எத்தனை தடவை வேகம் குறைக்கப்பட்டது என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஒவ்வொரு கோருக்கும் வைத்திருக்கும் எண்ணி. டிஸ்குக்காகக் காத்திருந்த நேரம். ஒரு சிறிய சென்சரால் அறை வெப்பநிலை.

மின் அழுத்தத்தை அளக்கத் தனிக்கருவி தேவைப்படவில்லை. யுபிஎஸ் இரண்டுக்கும் பின்னால் யூஎஸ்பி துளை இருந்தது. வயர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதைச் செருகி, நெட்வேர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவியதும் 30 விநாடிக்கு ஒரு தடவை உள்வரும் வோல்ட் பதிவானது.

இன்னொன்று, மாறாத ஓர் அளவுகோல். சோதனை தொடங்குமுன் எல்லாக் கோர்களிலும் 90 விநாடி ஒரே கணிப்பை ஓட்டி, முதல் 30 விநாடியைக் கழித்துவிட்டு, மீதி 60 விநாடியில் எவ்வளவு வேலை முடிந்தது என்று பார்ப்பது. அந்த 30 விநாடியைக் கழிக்காவிட்டால் அளவு பொய்யாகிவிடும்: இந்த ரகப் புரொசசர்கள் சுமார் 28 விநாடிக்கு 35 வாட்டைத் தாண்டி டர்போவில் ஓடிவிட்டுத்தான் அடங்கும். பகலில் 10 விநாடிச் சோதனை செய்து "கணினியில் பிழையில்லை" என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். நல்ல நிலையில் கிடைத்த அளவை 100 என்று வைத்துக்கொண்டார்கள்.

21 இரவில் 9 இரவுகள் மெதுவாக இருந்தன. பதிவுகளைக் கணினி வாரியாகப் பிரித்ததும் அவை மூன்று வகையாக விழுந்தன: 6 இரவுகளில் மினி பிசி நான்கும் ஒன்றாகச் சோர்ந்தன, 2 இரவுகளில் 3ஆம் கணினி மட்டும், ஓர் இரவில் 6ஆம் கணினி மட்டும். ஒரு பிரச்சினை என்று தேடியது மூன்று பிரச்சினையாக இருந்தது. ஒரு காரணத்தை ஒரு நாள் நிரூபித்தால் மறுநாள் அது பொய்த்துப்போனதும் இதனால்தான்.

ஏசி நின்ற இரவுகள்

அந்த 6 இரவுகளிலும் மினி பிசிகளின் வெப்பநிலை 97 முதல் 100 பாகை செல்சியஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேகம் ரம்பப் பல் போல ஏறி இறங்கி, சராசரி 1.4 ஜிகாஹேர்ட்ஸுக்கு வந்திருந்தது. அளவுகோல் 48. அறை வெப்பநிலை 26 பாகையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் 33க்கு ஏறியிருந்தது. வோல்ட் 180க்குக் கீழே போயிருந்தது.

குறைந்த வோல்ட் கணினியை மெதுவாக்காது. அடாப்டரும் பவர் சப்ளையும் 100 முதல் 240 வோல்ட் வரை எதை வாங்கினாலும் உள்ளே ஒரே அழுத்தத்தையே கொடுக்கும். போதாக்குறைக்கு நடுவில் யுபிஎஸ் வேறு தூக்கிவிடுகிறது. வோல்டும் மந்தமும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதற்கான விடை இரவுக் காவலாளியிடம் இருந்தது.

"ஏசி எட்டு மணி போல டக்கெண்டு நிண்டிரும் தம்பி. கொஞ்ச நேரத்தால தன்பாட்டில வரும்."

"ஏன் ஐயா ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"ஆரும் கேக்கல்லயே தம்பி. பழுதெண்டா வராதுதானே."

ஏசிக்கு இருந்த ஸ்டெபிலைசர் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்பிரசரைக் காப்பாற்ற ஏசியைத் துண்டித்துவிடும். வோல்ட் திரும்பி மூன்று நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி இணைக்கும். வோல்ட் 180ஐச் சுற்றித் தள்ளாடினால் ஏசி 10 முதல் 40 நிமிடம் வரை நின்றே போகும்.

வோல்ட் ஏன் சில இரவுகளில் மட்டும் விழுகிறது? கட்டடத்துக்கு மூன்று பேஸ் (மூன்று தனி மின்வழி) இணைப்பு. கீழ்த்தளப் புடவைக் கடையின் மூன்று ஏசிகளும், மேலே சோதனை அறையும், பழைய வயரிங்கில் ஒரே பேஸில் இருந்தன. கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் அந்த வரண்ட தென்மேல் காற்று இரவு ஒன்பது மணிக்கும் சுவரைச் சுட வைக்கும், கடை 9.30க்குப் பூட்டும்வரை மூன்று ஏசியும் முழுவீச்சில் ஓடும். மாலை 6.30 முதல் 10.30 வரை நாடு முழுவதும் மின்பாவனை உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. காற்று விழுந்த இரவுகளில் வோல்ட் 195க்குக் குறையவில்லை. ஞாயிறும் போயாவும் கடை பூட்டு.

ஆனாலும் டவர்கள் நான்கும் அதே அறையில் அதே வெக்கையில் வழமையான வேகத்தில்தான் ஓடின. மினி பிசிகளைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. புரொசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கின் தகடுகளுக்கு இடையில் தூசியும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தன. உப்புக் கலந்த தூசி ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். வெறும் ஊதலுக்குப் போகாது. புரொசசரிலிருந்து ஹீற்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. அடுக்கில் மேலே இருந்தது கீழே இருந்ததன் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது. ஏசி ஓடும்போது 91 பாகையில் எப்படியோ சமாளித்தவை, அறை 7 பாகை ஏறியதும் தாங்கவில்லை.

3ஆம் இலக்கக் கணினி

இது மற்றதற்கு நேர் எதிர். மந்தமான இரு இரவுகளிலும் இதன் வேகம் ஏறி இறங்காமல் 800 மெகாஹேர்ட்ஸில் கோடு கிழித்தது போல நின்றது. வெப்பநிலை 50 பாகைக்கு இறங்கியிருந்தது. அளவுகோல் 27. சூட்டால் மெதுவாகும் கணினி கொதித்துக்கொண்டு மெதுவாகும். இது குளிர்ந்துகொண்டு மெதுவானது. இவ்வளவு தெளிவான வேறுபாடு, வேகத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இந்தக் கணினிக்கு ஏற்கெனவே ஒரு தடவை புது எஸ்எஸ்டி போட்டிருந்தார்கள். போட்டதும் "சரியாகிவிட்டது", உண்மையில் சரியாக்கியது, டிஸ்க் மாற்ற அடாப்டரைக் கழற்றி மறுபடி செருகியது.

ஏப்ரல் மாத இடிமின்னலில் இதன் அடாப்டர் எரிந்து, வேறொன்று வாங்கப்பட்டிருந்தது. அதே 19.5 வோல்ட், அதே 65 வாட், அதே முனை. மல்டிமீற்றரில் அளந்தாலும் வோல்ட் சரியாகத்தான் காட்டும். ஆனால் இந்த ரக முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி உண்டு. அடாப்டருக்குள் இருக்கும் சிறிய சிப் "நான் இத்தனை வாட்" என்று தாய்ப்பலகைக்குச் சொல்வது அதன் வழியாக. அந்தத் தொடர்பு அறுந்தால், அடாப்டர் எவ்வளவு தாங்கும் என்று பலகைக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக ப்ரொக்ஹொட் என்ற சமிக்ஞையைப் புரொசசருக்கு அனுப்பி ஆகக்குறைந்த வேகத்தில் பூட்டிவிடும். புது அடாப்டரின் நடு ஊசி தளர்வு. ஃபேன் அதிர்விலோ யாராவது வயரைத் தட்டினாலோ தொடர்பு விடும். பிறகு கழற்றிச் செருகும்வரை பூட்டு விடாது.

இயங்கத் தொடங்கும்போது அடாப்டரை அடையாளம் காணாவிட்டால், கணினியை முதலில் எழுப்பும் பயோஸ் மென்பொருள் எச்சரித்து, ஒரு விசையை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். ஆளில்லாமல் இயங்க வேண்டிய கணினி என்பதால் அந்த எச்சரிக்கையை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். மொனிட்டரும் இல்லை. கணினி சொன்னது, கேட்க ஆள் இல்லை.

நிரூபிக்க 3க்கும் 4க்கும் அடாப்டரை மாற்றிப் போட்டார்கள். இரண்டு நாளில் 4ஆம் கணினி 800இல் பூட்டிக்கொண்டது. 3 ஒழுங்காக ஓடியது.

ப்ரொக்ஹொட் சமிக்ஞையைப் புரொசசர் பொருட்படுத்தாதபடி மென்பொருளாலேயே அமைக்க முடியும், இலவசமாக, ஒரு நிமிடத்தில். அந்த யோசனை வந்தது; ஏற்கவில்லை. ஆளில்லாத அறையில், கச்சான் காலத்தில், எத்தனை வாட் தாங்கும் என்று உறுதியில்லாத அடாப்டரை முழுச்சுமையில் இரவிரவாக ஓட்டுவது தீக்கு இடம் கொடுப்பது. கணினி தயாரித்த நிறுவனத்தின் அசல் அடாப்டரே வாங்கப்பட்டது.

6ஆம் கணினி

இதில் புதுமை இல்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி 94 சதவீதம் நிரம்பியிருந்தது. மலிவு ரக எஸ்எஸ்டிகள் வெற்றிடத்தின் ஒரு பகுதியை வேகமான எழுதுதளமாகப் பாவிக்கின்றன. இடம் குறையக் குறைய அந்தத் தளம் சுருங்கி, எழுதும் வேகம் விழும். நிரப்பியவை பழைய டொக்கர் படிமங்களும் (மென்பொருளை இயக்கத் தேவையானதையெல்லாம் சேர்த்துக் கட்டிய கோப்புகள்), தோற்ற சோதனைகளின் திரைப்பிடிப்புகளும் காணொளிகளும். ஒவ்வொரு தோல்வியையும் மூன்று தடவை ஓட்டச் சொன்னதால் காணொளிகளும் மும்மடங்கு.

திருத்தங்களும் அவற்றின் வரிசையும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்திருக்கலாம். செய்யாமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் நான்கு இரவு விட்டார்கள். எது எதைத் தீர்த்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

முதலில் துப்புரவு. மினி பிசிகளை வெளியே எடுத்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோவரால் ஊதினார்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பெயரிங் போய்விடும். ஒட்டிய உப்பை 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, பழைய பேஸ்டைச் சுரண்டாமல் அதே அல்ககோலால் கரைத்தெடுத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தார்கள். டயர்க் கடைக் கம்பிரசரால் ஊதலாம் என்ற யோசனை மறுக்கப்பட்டது. அந்தக் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் வரும். பிறகு நான்கையும் நிமிர்த்தி, 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் நிறுத்தினார்கள். முழுச்சுமையில் 91 ஆக இருந்த வெப்பநிலை 76க்கு வந்தது. அடுத்த தடவை ஏசி நின்று அறை 33 ஆனபோது 86க்கு மேல் போகவில்லை, வேகமும் குறையவில்லை.

இரண்டாவது, பதிவுபெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு சோதனை அறையை வேறு பேஸுக்கு மாற்றியது. துப்புரவாலேயே மந்தம் தீர்ந்த பிறகு இது எதற்கு என்று கேள்வி எழுந்தது. அடிக்கடி நின்று தொடங்கும் கம்பிரசருக்கு ஆயுள் இல்லை. யுபிஎஸ்ஸின் ஈயப் பெற்றரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும். புது பேஸில் இரவு வோல்ட் 204க்குக் கீழே போகவில்லை.

மூன்றாவது அடாப்டர். நான்காவது, 6ஆம் கணினியில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட படிமங்களையும் காணொளிகளையும் ஞாயிறுதோறும் தானே அழிக்கும் ஏற்பாடு.

கடைசியாகக் காத்திருப்பு நேரம் மறுபடி 10 விநாடி, மறு ஓட்டம் பூச்சியம்.

பின்னர் நடந்தவை

அடுத்த 30 இரவுகளும் 41 முதல் 44 நிமிடத்துக்குள் முடிந்தன. கச்சான் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது என்பது முக்கியம். ஒன்றும் செய்யாமல் ஒக்டோபர்வரை இருந்திருந்தாலும் மந்தம் பெரும்பாலும் "தானாகவே" மறைந்திருக்கும். அடுத்த மே மாதம் திரும்பி வந்திருக்கும்.

காத்திருப்பு நேரத்தைக் குறைத்ததும் எந்தக் கணினியில் ஓடினாலும் 7 சோதனைகள் தோற்றன. நான்கு, சோதனையே சரியாக எழுதப்படாதவை. மற்ற மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின: சரக்கு இருப்பு அறிக்கைப் பக்கம், தரவு கூடிய கடைகளில் 12 முதல் 14 விநாடி எடுத்தது. தரவுத்தளத்தில், தேடலை விரைவாக்கும் அட்டவணையான இன்டெக்ஸ் ஒன்று விடுபட்டிருந்தது. 30 விநாடிக் காத்திருப்பு இதையும் மூடி மறைத்திருந்தது. இதே பக்கத்தைப் பற்றி வாடிக்கையாளர் இருவர் முறையிட்டபோது, "உங்கட நெற் ஸ்லோ" என்று பதில் போயிருந்தது. இன்டெக்ஸ் சேர்த்த பிறகு பக்கம் ஒரு விநாடிக்குள் திறந்தது. அந்த இருவருக்கும் அழைத்து உண்மைக் காரணம் சொல்லப்பட்டது.

மாற்றிக்கொண்டவை

அளவுகோல் இப்போது நிரந்தரம். இரவு வேலைக்கு முன் ஒரு கணினி 85க்குக் கீழே காட்டினால் அது அன்றைய வரிசையிலிருந்து தானே விலகி, வேகம், வெப்பம், டிஸ்க் நிலை, வோல்ட் நான்கையும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பு எடுபடுமுன் மறுதொடக்கம் செய்யக்கூடாது. முதல் மூன்று வாரத் தடயத்தை அழித்தது இடையில் செய்த மறுதொடக்கம்தான்.

காத்திருப்பு நேரத்தை யாரும் தனியாகக் கூட்ட முடியாது. கூட்டுபவர் எந்தக் கணினியில், எந்த நேரத்தில், என்ன வேகத்தில் தோற்றது என்று எழுத வேண்டும். இந்த விதியில் அலுவலகத்துக்குள் முழு உடன்பாடு இல்லை. அவசர வெளியீட்டு நாட்களில் இது தொல்லை என்கிறார்கள். அவ்வளவு தொல்லை இருக்கத்தான் வேண்டும் என்பது இதை எழுதுவோரின் கருத்து.

இரவு வேலையை 8 மணியிலிருந்து 11.30க்குத் தள்ளியதும் இப்போதுதான். முதல் வாரமே இதைச் செய்யலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். செய்திருந்தால் 6 இரவுகளின் மந்தம் மறைந்திருக்கும், அடைத்த ஹீற்சிங்குகள் அப்படியே இருந்திருக்கும்.

பயோஸில் அடாப்டர் எச்சரிக்கை நான்கு மினி பிசியிலும் மறுபடி இயக்கப்பட்டுள்ளது. அப்போது கணினி விசைக்காகக் காத்து நின்றுவிடும் என்றால், நிற்கட்டும். வராத கணினியைக் காலையில் ஒருவர் போய்ப் பார்ப்பார். துப்புரவு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஏப்ரலில் கச்சானுக்கு முன் ஒன்று, வாடை மழை தொடங்குமுன் ஒன்று என்று இரண்டுக்குத் திகதி குறித்தாயிற்று. காவலாளியின் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது: ஏசி நின்ற நேரம், வந்த நேரம்.